வற்றிய குளம் வரைபடத்தில் உண்டா? எண்ம வரைபடங்கள் எழுப்பும் மெய்யியல் கேள்விகள்: ஓர் எளிய அறிமுகம்

நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமத்தில், மே மாதத்து நண்பகல் ஒன்றில், நிலம் வாங்க வந்த என் உறவினருடன் ஒரு குளத்தங்கரையில் நின்றுகொண்டிருந்தேன். குளத்தில் சொட்டு நீர் இல்லை; கருவேல மரங்களுக்கு இடையே ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. தரகர் தம் கைப்பேசியை நீட்டி, “பாருங்க அண்ணாச்சி, சாட்டிலைட்லயே குளம்னு ஒண்ணும் காட்டல. பொறவு என்ன யோசனை?” என்றார். பல ஆண்டுகள் அந்தக் குளத்தின் மடையைத் திறந்து மூடிய பெரியவர் ஒருவர் எங்களோடு வந்திருந்தார். அவர் கரையைக் காட்டி, “கார்த்திகையில வந்து பாருடே, குளம் எங்க இருக்குன்னு அதுவே சொல்லும்” என்றார்.

இருவரும் தாம் கண்டதையே சொன்னார்கள். கைப்பேசியில் தெரிந்த படம் ஏதோ ஒரு கோடையில் எடுக்கப்பட்டது. பெரியவரின் மனத்தில் இருந்ததோ நிறைந்து மறுகால் பாயும், அதாவது மிகுநீர் வழிந்தோடும் குளம். அப்படியானால் அந்த இடத்தில் குளம் உண்டா, இல்லையா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல முயன்றால், நிலம் வாங்கும் பேச்சு நம்மை அறியாமலே மெய்யியலுக்குள் போய்விடுகிறது.

“சாட்டிலைட் பார்த்துத்தான் போட்டிருக்கிறார்கள், தவறாக இருக்காது” என்ற பேச்சை இன்று எங்கும் கேட்கிறோம். “இந்த மேப்பை நம்பி எங்கும் போகக் கூடாது” என்ற பேச்சையும் அதே அளவுக்குக் கேட்கிறோம். வானத்திலிருந்து எடுக்கப்பட்ட உண்மையின் நகலே வரைபடம் என்ற எண்ணம்தான் இரண்டு பேச்சுகளுக்கும் அடியில் இருக்கிறது. அந்த எண்ணம் எங்கே பிழைபடுகிறது என்பதைப் படிப்படியாகப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

புகைப்படமும் மொய் நோட்டும்

ஒரு கல்யாண வீட்டை எண்ணிக்கொள்வோம். அங்கே இரண்டு வகையான பதிவுகள் நடக்கின்றன. புகைப்படக்காரர் தம் முன்னால் நிற்பதை எல்லாம் எடுக்கிறார். யார் மாமா, யார் சமையல்காரர் என்று அவருடைய கருவிக்குத் தெரியாது. வாசலில் அமர்ந்து மொய் எழுதுபவரோ பெயர், ஊர், தொகை என்று முதலில் கட்டம் போட்டுக்கொள்கிறார். பிறகு வருகிறவர்களை அந்தக் கட்டங்களில் நிரப்புகிறார். மூன்று நாள் முன்னதாகவே வந்து காய் நறுக்கிக் கொடுத்த அத்தைக்கு அந்த நோட்டில் கட்டம் இல்லை. அதனால் அவர் கல்யாணத்துக்கு வரவில்லை என்று ஆகிவிடாது. ஆனால் ஐம்பது ஆண்டு கழித்து அந்த நோட்டை மட்டும் பார்க்கிறவருக்கு அத்தை இருக்கமாட்டார்.

எண்ம (டிஜிட்டல்) வரைபடம் மொய் நோட்டின் இனத்தைச் சேர்ந்தது. அதன் பின்னால் இருப்பது புவியியல் தகவல் முறைமை, சுருக்கமாக ஜி.ஐ.எஸ். என்பார்கள். ஒவ்வோர் இடத்தையும் பற்றிய செய்திகளைக் கட்டம் போட்டுச் சேமித்து, சாலை, நீர்நிலை, கட்டடம், எல்லை என்று அடுக்கடுக்காகப் பிரித்து வைத்து, தேவைப்படும்போது ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும் கணினி ஏற்பாடு அது. 1960களில் கனடாவின் நில வளங்களைக் கணக்கெடுப்பதற்காக ரோஜர் டாம்லின்சன் உருவாக்கிய முறைமையே இவ்வகையில் முன்னோடியாகக் கொள்ளப்படுகிறது. இந்தக் கருவிகளைக் கையாள்வதோடு நிற்காமல், அவற்றுக்கு அடியில் இருக்கும் அடிப்படைக் கேள்விகளையும் ஆராயும் துறைக்குப் புவியியல் தகவல் அறிவியல் என்று 1992இல் மைக்கேல் குட்சைல்ட் பெயர் வைத்தார். அந்த அடிப்படைக் கேள்விகளில் பல, பழைய மெய்யியல் கேள்விகளே.

செயற்கைக்கோள் படம் மட்டுமாவது தூய புகைப்படம்தானே என்று கேட்கலாம். அதுவும் முழுக்க அப்படியில்லை. அந்தப் படம் சிறு சதுரங்களால் ஆனது. ஒவ்வொரு சதுரத்துக்கும் பிக்சல் என்று பெயர். இன்று பலரும் இலவசமாகப் பயன்படுத்தும் செண்டினல்-2 செயற்கைக்கோளின் மிக நுட்பமான படங்களில் ஒரு பிக்சலின் பக்கம் 10 மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டரை சென்ட் நிலம். லேண்ட்சாட் படங்களில் பக்கம் 30 மீட்டர். அதாவது ஏறத்தாழ 22 சென்ட். அந்த இரண்டரை சென்டுக்குள் கொஞ்சம் கரை, ஒரு பனைமரம், கொஞ்சம் நீர் மூன்றும் இருந்தால், மூன்றும் கலந்த ஒரே நிறம்தான் பதிவாகும். பிறகு, ‘எது நீர்’ என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை நீர் பெரிதும் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே அந்த ஒளியில் இருண்டு தெரிகிற இடம் நீர் என்று ஒரு விதி வைக்கிறார்கள். எவ்வளவு இருண்டால் நீர் என்ற அளவை வைப்பவர் ஒரு மனிதர். நீர்மேல் படரும் அமலைச்செடி மூடிய குளம் அந்த ஒளியில் பச்சை வயலைப் போலப் பளிச்சென்று தெரியும். விதி அதை நீர் என்று ஏற்காது.

இதுவரை பார்த்தது இது: படம் வேறு, வரைபடம் வேறு. படத்திலிருந்து வரைபடத்துக்குப் போகும் வழியில் யாரோ ஒருவர் கட்டம் போட்டு, விதி வைத்து, முடிவு எடுத்திருக்கிறார்.

விலக்கில் இறங்கிக் கிழக்கே போனால்

எங்கள் பக்கத்தில் நெடுஞ்சாலையிலிருந்து ஓர் ஊருக்குப் பிரியும் இடத்தை விலக்கு என்போம். வழி கேட்டால், “விலக்குல எறங்கி கிழக்காம போங்க, ஒரு சுடலைமாடன் கோயில் வரும், அதத் தாண்டுனா குளத்தங்கரை, கரையேறி எறங்குனா ஊரு” என்று விடை வரும். இதில் ஓர் இடம் இன்னோர் இடத்தைக் கொண்டே சொல்லப்படுகிறது. கோயில் இல்லாவிட்டால் கரையைச் சொல்ல முடியாது. கரை இல்லாவிட்டால் ஊரைச் சொல்ல முடியாது.

கைப்பேசியோ அதே ஊரை இரண்டு எண்களால் சொல்கிறது. திருநெல்வேலி நகரம் ஏறத்தாழ வடக்கே 8.7 பாகை, கிழக்கே 77.7 பாகை. அங்கே கோயிலும் இல்லை, கரையும் இல்லை. பொருள்கள் எல்லாம் அழிந்துபோனாலும் அந்த எண்கள் குறிக்கும் இடம் அப்படியே இருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது.

இந்த இரண்டு பார்வைகளுக்கும் இடையேயான வழக்கு மிகப் பழையது. இடம் என்பது பொருள்களைத் தாங்கும் ஒரு நிலையான பரப்பு, பொருள்கள் இல்லாவிட்டாலும் அது இருக்கும் என்றார் நியூட்டன். இடம் என்று தனியாக ஒன்றும் இல்லை, பொருள்களுக்கு இடையேயுள்ள உறவுகளின் ஒழுங்கைத்தான் இடம் என்கிறோம் என்றார் அவர் காலத்து ஜெர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸ். 1715, 1716ஆம் ஆண்டுகளில் நியூட்டனின் தரப்பை ஏற்ற சாமுவேல் கிளார்க்குக்கும் லைப்னிட்சுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்தில் இந்த வழக்கு கூர்மையாக நடந்தது. விலக்கில் நின்று வழி சொல்பவர் லைப்னிட்சின் பக்கம் என்றும், கைப்பேசி நியூட்டனின் பக்கம் என்றும் முதல் பார்வையில் தோன்றும்.

ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று பார்த்தால் நிலைமை மாறுகிறது. பூமி சீரான உருண்டை இல்லை. ஆகவே அதற்கு நெருக்கமான ஒரு கணித வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதைப் பூமியோடு ஒரு குறிப்பிட்ட விதத்தில் பொருத்தி, அதன்மேல்தான் பாகைகளை எண்ணுகிறார்கள். இந்தப் பொருத்தத்துக்கு டேட்டம் என்று பெயர். ஆங்கிலேய அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் 1802இல் சென்னையை அடுத்த பரங்கிமலைப் பக்கம் ஓர் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து தொடங்கிய பெரும் அளவைப் பணியின் வழி வந்த இந்திய வரைபடங்கள், 1830இல் ஜார்ஜ் எவரெஸ்ட் கணித்த வடிவத்தின் அடிப்படையில் அமைந்தவை. கைப்பேசியின் ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் வேறொரு டேட்டம். ஒரே எண்களை இரண்டிலும் குறித்தால், நம் பகுதியில் இரு புள்ளிகளும் ஓரிரு நூறு மீட்டர் தள்ளி விழும். ஒரு பெரிய குளத்தின் இக்கரைக்கும் அக்கரைக்கும் உள்ள வேறுபாடு அது.

போதாததற்கு, இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்ந்துகொண்டிருக்கிறது. லாம்ப்டன் காலத்தில் நட்ட கல் ஒன்று அசையாமல் அதே மண்ணில் இருந்தாலும், உலகம் முழுதுக்கும் பொதுவான அளவைச் சட்டகத்தில் அது 11 மீட்டர் அளவுக்கு இடம் மாறியிருக்கும். கல் நகர்ந்ததா, நகரவில்லையா என்பது எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. ஆக, தனித்து நிற்பதாகத் தோன்றிய அந்த எண்களும் வேறொன்றைக் கொண்டே பொருள் பெறுகின்றன. சுடலைமாடன் கோயிலுக்குப் பதிலாக அங்கே ஒரு கணித வடிவம் நிற்கிறது. லைப்னிட்ஸ் முழுவதும் வென்றுவிட்டார் என்று நான் சொல்லவரவில்லை. இயற்பியலில் அந்த வழக்கு வேறு பாதையில் இன்றும் நடக்கிறது. வரைபடத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னதை மறுப்பது கடினம்.

எண்களின் நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பாகை அகலாங்கு (அட்சரேகை) ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஆகவே புள்ளிக்குப் பிறகு ஐந்தாம் இலக்கம் ஒரு மீட்டரைக் குறிக்கிறது. திறந்த வெளியில்கூடக் கைப்பேசியின் துல்லியம் 5 மீட்டர் அளவில்தான் இருக்கும். ஏழெட்டு இலக்கங்களைக் காட்டும் திரையைப் பார்த்து, அத்தனை துல்லியமாக நமக்குத் தெரியும் என்று எண்ணிவிடக் கூடாது.

குளம் என்பது எந்தப் பொருள்?

எவையெல்லாம் ‘உள்ள பொருள்கள்’ என்று கேட்கும் மெய்யியல் பிரிவை இருப்பியல் என்பார்கள். வரைபடம் வரைபவர் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டிராவிட்டாலும், வேலையைத் தொடங்கும் முன்பே ஓர் இருப்பியலைத் தேர்ந்துவிடுகிறார். ஏனெனில் ஜி.ஐ.எஸ்.ஸுக்கு உலகத்தை முக்கியமாக இரண்டு விதமாகத்தான் எழுதத் தெரியும். ஒன்று வெக்டார் முறை: உலகில் தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகவோ கோடாகவோ மூடிய பலகோணமாகவோ வரையலாம் என்பது அதன் நம்பிக்கை. மற்றது ராஸ்டர் முறை: உலகத்தைச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்திலும் உயரம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று மதிப்பை எழுதுவது. முதலாவதில் பொருள்கள் உண்டு, அவற்றுக்கு இடையே வெற்றிடம் உண்டு. இரண்டாவதில் பொருள் என்று ஒன்றும் கிடையாது. எங்கும் மதிப்புகள்தாம் பரவியிருக்கின்றன.

நம் குளத்தை இதில் எப்படி எழுதுவது? பலகோணமாக வரையலாம். எந்தப் பலகோணம்? கார்த்திகையில் நீர் நிற்கும் விளிம்பா, சித்திரையில் நடுவே சேறாகச் சுருங்கிய விளிம்பா, கிராமக் கணக்கில் குளப் புறம்போக்கு என்று பதிவான சர்வே எண்ணின் எல்லையா? மூன்றும் வேறு வேறு வடிவங்கள். இதை விடப் பெரிய சிக்கல், குளம் என்ற சொல்லிலேயே இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் ஏரி என்றும் மதுரைப் பக்கம் கண்மாய் என்றும் சொல்வதை நாங்கள் குளம் என்கிறோம். நாங்கள் அப்படிச் சொல்லும்போது நீர்ப்பரப்பை மட்டும் சொல்லவில்லை. கரை, மடை, மறுகால், வரத்துக்கால், கீழே பாயும் வயல், கார் சாகுபடிக்கும் பிசான சாகுபடிக்கும் யாருக்கு எந்த முறையில் நீர் என்ற வழக்கம், கரையில் நிற்கும் சாஸ்தா கோயில் ஆகிய எல்லாம் சேர்ந்ததே குளம். ஏதோ ஒரு நாட்டில் உருவான வரைபட முறைமை ‘நீர்நிலை’ என்று ஒரே ஒரு கட்டம் வைத்திருந்தால், இவ்வளவும் அந்தக் கட்டத்தில் ஒரு நீலத் திட்டாக மட்டுமே நுழையும். நீர் வற்றினால் அந்தத் திட்டும் போய்விடும்.

இங்கேதான் நம் பழைய இலக்கணம் எனக்கு மிகவும் உதவுகிறது. தொல்காப்பியம் முதற்பொருள் என்று சொல்வது நிலத்தை மட்டும் அன்று. நிலம், பொழுது இரண்டையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. எங்கே என்பதோடு எப்போது என்பதும் சேர்ந்தால்தான் ஒரு திணை முழுமை பெறுகிறது. சிலப்பதிகாரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரியும்போது பாலை என்னும் வடிவத்தைக் கொள்ளும் என்கிறது. பாலையை ஓர் இடமாகக் கொள்ளாமல், ஓர் இடம் அடையும் நிலையாகக் கொள்ளும் பார்வை அது. ஜி.ஐ.எஸ். வல்லுநர்கள் ‘பொருளின் நிலைமாற்றத்தை எப்படிப் பதிவது’ என்று இன்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வியின் வேரை, நம் செய்யுள் மரபு வேறு ஒரு நோக்கத்துக்காகத் தொட்டிருக்கிறது. திணைக் கோட்பாடு ஒரு தகவல் தொழில்நுட்பம் என்று யாராவது சொன்னால் அதை நான் ஏற்க மாட்டேன். அது கவிதைக்கான கோட்பாடு. ஆனால் பொழுதை விட்டுவிட்டு நிலத்தைச் சொல்ல முடியாது என்ற தெளிவு அதில் இருக்கிறது.

இந்தத் தெளிவோடு தொடக்கத்துக் கேள்வியைப் பார்த்தால், தரகர் செய்த பிழை விளங்கும். ‘குளம்’ என்பதை ‘இப்போது நீர் நிற்கும் இடம்’ என்று அவர் எடுத்துக்கொண்டார். மே மாதத்தில் அந்த இடத்தில் நீர் இல்லை என்பது உண்மை. வற்றிய நிலையில் இருக்கும் ஒரு குளம் அங்கே இருந்தது என்பதும் உண்மை. வற்றுவது குளத்தின் முடிவு ஆகாது; அது குளத்தின் ஆண்டுச் சுற்றில் ஒரு பகுதி.

சுருக்கமாக: வரைபடம் எதையும் குறிக்கும் முன் எவை பொருள்கள் என்று முடிவு செய்துவிடுகிறது. காலத்தோடு மாறுகிற பொருள்களே அந்த முடிவுக்கு மிகவும் முரண்டு பிடிப்பவை.

மலை எங்கே தொடங்குகிறது?

களத்தில் நெல்லைக் குவித்து அம்பாரமாக வைத்திருக்கிறோம். ஒரு மணியை எடுத்தால் அம்பாரம் அம்பாரமாகவே இருக்கும். இன்னொரு மணி? இப்படியே எடுத்துக்கொண்டு போனால் எந்த மணியோடு அது அம்பாரமாக இல்லாமல் போகிறது? பண்டைக் கிரேக்கச் சிந்தனையாளர் யூபுலிதீசின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்தக் குவியல் புதிர், சில சொற்களுக்குக் கூர்மையான விளிம்பு கிடையாது என்பதைக் காட்டுகிறது.

பாபநாசத்தில் நின்று பொதிகையைப் பார்ப்பவருக்கு மலை இருப்பதில் ஐயமே வராது. எந்த அடியில் சமவெளி முடிந்து மலை தொடங்குகிறது என்று கேட்டால் விடை சொல்ல முடியாது. பேரி ஸ்மித், டேவிட் மார்க் என்ற இருவர் 2003இல் ‘மலைகள் இருக்கின்றனவா’ என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். ராஸ்டர் உயரத் தரவில் மலை என்ற பொருள் இல்லை; ஒவ்வொரு சதுரத்திலும் ஓர் உயரம் மட்டுமே இருக்கிறது. அந்த உயரங்களில் ஒரு தொகுதியைச் சேர்த்து ‘பொதிகை’ என்று அழைப்பது மனிதர்கள். அதனால் மலை பொய் என்று ஆகிவிடாது. அதன் விளிம்பு மட்டுமே நம் தேவைக்கு ஏற்ப வரையப்படுகிறது. மலையேறுபவருக்கு ஒரு விளிம்பு, வனத்துறைக்கு ஒன்று, அடிவாரத்தில் பயிர் செய்பவருக்கு இன்னொன்று.

ஸ்மித்தும் அகில்லே வார்சியும் எல்லைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஆற்றங்கரை, பாறை விளிம்பு போல மனிதர் இல்லாவிட்டாலும் இருக்கக்கூடியவை இயல் எல்லைகள். மனிதர் முடிவு செய்ததால் மட்டுமே இருப்பவை ஆணை எல்லைகள். எங்கள் சீமையில் ஆணை எல்லைக்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து, இன்று தமிழ்நாடு எனப்படும் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. 1986 அக்டோபர் 20 அன்று தூத்துக்குடி தனி மாவட்டம் ஆனது. 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டம் ஆனது. செங்கோட்டையில் 1950இல் பிறந்து ஊரை விட்டு நகராத ஒருவர் திருவிதாங்கூர்-கொச்சியிலும், பின்னர் திருநெல்வேலி மாவட்டத்திலும், இப்போது தென்காசி மாவட்டத்திலும் வாழ்ந்திருப்பார். அவர் வீட்டு முற்றத்து மண் அப்படியே இருக்கிறது. ஆயினும் ஆணை எல்லையை வெறும் கற்பனை என்று தள்ள முடியாது. எந்த அலுவலகத்துக்கு மனு எடுத்துப் போக வேண்டும் என்பதை அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோடுதானே முடிவு செய்கிறது.

இயல் எல்லை என்று நம்புபவையும் அத்தனை உறுதியானவை இல்லை. பாண்டியரின் துறைமுகமாக இருந்த கொற்கை இன்று கடலை விட்டு விலகி உள்நாட்டில் இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் கடற்கரையைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டில் காற்றடிக் காலத்தில் செம்மணல் இடம் பெயரும். போன ஆண்டு வரைந்த மணல்மேட்டின் விளிம்பு இந்த ஆண்டுக்குப் பொருந்தாது. கடற்கரையின் நீளத்தைக் கேட்டால்கூட ஒரே விடை கிடையாது. பெரிய கோலால் அளந்தால் சிறு வளைவுகள் விடுபடும். சிறிய கோலால் அளந்தால் அவை எல்லாம் சேர்ந்து நீளம் கூடிக்கொண்டே போகும். லூயிஸ் ரிச்சர்ட்சன் கண்ட இந்த உண்மையைப் பெனுவா மாண்டல்பிராட் 1967இல் உலகறியச் செய்தார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணியும் குளங்களும் கரைமீறிய அந்த நாட்களில், கைப்பேசித் திரையில் நீலக் கோடு மெல்லிதாக, அமைதியாக, தன் இடத்திலேயே இருந்தது. அந்தக் கோடு பொய் இல்லை. வழக்கமான ஒரு நாளின் ஆற்றை அது காட்டியது. வழக்கமான நாள் எது என்று முடிவு செய்தவரின் முடிவு அந்தக் கோட்டுக்குள் இருந்தது என்பது, வீட்டுக்குள் நீர் வந்தவர்களுக்கு அன்றைக்கு எந்த உதவியும் செய்யவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விகள் ஏட்டுக் கேள்விகளாகத் தோன்றுவதில்லை.

எல்லைகளை ஒட்டி இன்னொரு சிக்கலும் உண்டு. அதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஒரு மாவட்டத்தின் சராசரி மழை என்று ஓர் எண்ணைக் கேட்கிறோம். மாஞ்சோலை, ஊத்து, நாலுமுக்கு மலைப்பகுதிகளில் கொட்டுகிற மழையும், இராதாபுரம் பக்கத்து வறட்சியும் அந்த ஒரே எண்ணுக்குள் கரைந்துவிடுகின்றன. அந்த அளவு மழை உண்மையில் எந்த ஊரிலும் பெய்திருக்காது. 2019க்கு முன்னும் பின்னும் உள்ள மாவட்டச் சராசரிகளை ஒப்பிட்டால், ஒரு துளி மழை மாறாவிட்டாலும் எண் மாறும், எல்லை மாறிவிட்டதல்லவா. கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்துப் புள்ளிவிவரம் மாறும் இந்த நிலையை மாற்றத்தக்க பரப்பலகுச் சிக்கல் என்பார்கள்.

யாருடைய பெயர், யாருடைய கட்டம்?

‘திருநெல்வேலி’ என்று தேடினால் திரையில் ஒரு புள்ளி விழுகிறது. ஊர்க்காரருக்கு அந்தப் பெயர் ஒரு புள்ளியே இல்லை. நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியிருப்பது டவுன். ரயில் நிலையத்தைச் சுற்றியிருப்பது ஜங்ஷன். ஆற்றுக்கு அக்கரை பாளையங்கோட்டை. மாநகராட்சி இவை எல்லாவற்றையும் உள்ளடக்கியது. அதற்கு மேல் ஒரு வட்டம், ஒரு மாவட்டம். இவை எவற்றுக்கும் அடங்காத திருநெல்வேலிச் சீமை என்ற ஒன்றும் பேச்சில் இருக்கிறது. கோவில்பட்டிக்காரர் ஒருவர் சென்னையில் தம்மைத் ‘திருநெல்வேலிப் பக்கம்’ என்று சொல்லிக்கொண்டால் அவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. ஒரு பெயர் பல பொருள்களைக் குறிக்கும்போது வரைபடம் அவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொள்கிறது, மற்றவை மறைகின்றன.

வரைபட வரலாற்றாசிரியர் ஜே. பி. ஹார்லி 1980களில், வரைபடம் எதைச் சொல்கிறது என்பதோடு எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதையும் படிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். எங்கள் பக்கத்து வரைபடங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் அவர் சொன்னது விளங்கும். கைப்பேசிக் கடைக்கும் உணவகத்துக்கும் பெயர் இருக்கிறது; நூறாண்டாகக் கொடை நடக்கும் மாடன் பீடத்துக்குப் பெயர் இல்லை. ஊர்த் தெருக்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருக்க, ஒடுக்கப்பட்ட மக்கள் வாழும் குடியிருப்பின் மேல் ‘காலனி’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் கிடக்கும். அங்கே வாழ்பவர்கள் தம் தெருவை அழைக்கும் பெயர் அதில் வராது. 2025 ஏப்ரலில், அந்தச் சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று தமிழக முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். பெயரை வைப்பது யார் என்ற கேள்வி வரைபடத் தொழில்நுட்பத்தின் ஓரத்தில் கிடக்கும் கேள்வி என்று நான் நினைக்கவில்லை. எது இருக்கிறது என்று எழுதும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அது.

நிலம் வாங்க வந்த உறவினர் அன்று வாங்காமலே திரும்பிவிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் நான் மீண்டும் அந்த ஊருக்குப் போனபோது குளம் மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது. தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் ஒரு திறந்த வரைபடத்தில் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். யாரோ ஒருவர் அதைப் புதர்நிலம் என்று மே மாதத்தில் குறித்திருந்தார். மே மாதத்தில் நானும் அதைத்தான் கண்டேன். கரையைச் சுற்றி நடந்து, கரையை ஒட்டி ஒரு பலகோணம் வரைந்து, நீர்நிலை என்றும், ஆண்டு முழுவதும் நீர் இராது என்றும் குறித்தேன். மடைகளைப் புள்ளிகளாகப் போட்டேன். மறுகாலை ஒரு கோடாக வரையும்போது, அந்தக் கோடு எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் கீழேயுள்ள அடுத்த குளத்தின் பெயரைச் சொன்னார், கோட்டை அந்தத் திசையில் இழுத்தேன். எந்த மடை முதலில், எந்த மடை பிறகு என்ற முறையை எழுத அங்கே கட்டம் இல்லை. பொதுக் குறிப்பில் அதை நான்கு வரியாக எழுதிவைத்தேன். அந்த வரைபடத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் முந்தைய பதிவுகள் தேதியோடு சேமிக்கப்படும். திறந்து பார்த்தால், என்னுடைய டிசம்பர்க் குளத்துக்கு அடியில், முன்பு குறித்தவருடைய மே மாதத்துப் புதர்நிலம் இன்றும் இருக்கிறது.